பழைய காரில் தோல் இருக்கை உறை மாற்றுதல்

தோல் இருக்கை உறை மாற்றுதல் என்பது காரின் இருக்கைச் சட்டத்தையும் வில் கம்பிகளையும் வைத்துக்கொண்டு, கிழிந்த அல்லது வெடித்த தோலுறையை மட்டும் நீக்கிப் புதியது தைத்துப் பொருத்தும் வேலை ஆகும். போத்தனூர் உள்ளிட்ட கோவை வட்டாரத்தில் இதைச் செய்யும் கடைகளைக் குஷன் கடை என்றே மக்கள் அழைக்கின்றனர். பேருந்துக் கூண்டு கட்டுவதற்குப் பெயர்பெற்ற கரூரும் அருகில் இருப்பதால், வாகன இருக்கை தைப்பது கொங்கு நாட்டில் நன்கு வேரூன்றிய தொழிலாகும்.

உறை மாற்றுவது சிறிய செலவு அன்று. அதை விடவும், தவறாகப் பொருத்திய உறை விபத்து நேரத்தில் உயிர் காக்கும் பகுதிகளைச் செயலிழக்கச் செய்யலாம். எனவே வேலையைப் பிறரிடம் கொடுப்பவரும் அதன் முறையை அறிந்திருப்பது நல்லது.

தோலும் ரெக்சினும்

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். பதனிடும்போது இந்த இழைகள் அழுகாதபடி நிலைப்படுத்தப்படுகின்றன. ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிடுவது தென்னிந்தியாவின் பழைய முறை. இன்றைய கார் தோல்களில் பெரும்பாலானவை குரோமியம் உப்பால் பதனிடப்பட்டவை. தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது.

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் செயற்கைத் தோல் துணிக்குரிய வணிகப் பெயர். இந்தியாவில் அது எல்லாச் செயற்கைத் தோலுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இன்று ரெக்சின் என விற்கப்படுவது பெரும்பாலும் துணியின்மேல் பி.வி.சி. பூசியதாகும். 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், அதன் காலத்துப் பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் ரெக்சின் இருக்கைகளே பரவலாக இருந்தன. ஆகவே காரின் வயதைக் கொண்டு அதன் இருக்கை தோல் என முடிவு செய்துவிடக் கூடாது.

கடையில் காட்டும் துண்டு தோலா என அறியச் சில வழிகள் உண்டு. துண்டின் அடிப்பக்கத்தில் இழை இழையாக மெல்லிய மயிர் போன்று இருந்தால் அது தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். வெட்டிப்போட்ட சிறு துணுக்கைத் திறந்த வெளியில் கொளுத்தினால் தோல் முடி கருகுவது போல மணக்கும்; பி.வி.சி. உருகிச் சுருங்கும், அதன் புகையை முகரக் கூடாது. தோலின் மேல்பகுதியைச் சீவியெடுத்த பின் மிஞ்சும் அடித்தோலின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி விற்பதும் உண்டு. இதுவும் அடியில் இழை காட்டும், ஆனால் சில ஆண்டுகளில் உரிந்துவிடும். எனவே மேல்தோல்தானா என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குவது நல்லது.

ஏன் தேய்கிறது

இந்தியக் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கக் கதவு வழியாக ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் உடல் உரசுவது இருக்கையின் வலது ஓர மேட்டில்தான். எனவே முதலில் அதுவே தேயும். இதனுடன் வெயில், வியர்வை உப்பு, தூசி ஆகியவை சேர்கின்றன. கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய காரில் தோலின் ஈரமும் எண்ணெய்ப் பசையும் குறைந்து இழைகள் விறைக்கின்றன. அந்நிலையில் மடங்கும் இடத்தில் வெடிப்பு விழுகிறது.

மாற்றவேண்டுமா, பழுது பார்த்தால் போதுமா

மேல்வண்ணம் மட்டும் உரிந்திருந்தால் சுத்தம் செய்து தோல் வண்ணம் பூசினால் போதும். தையல் மட்டும் விட்டிருந்தால் பழைய துளைகள் வழியாகவே மீண்டும் தைக்கலாம். ஓர மேடு மட்டும் கிழிந்திருந்தால் அந்த ஒரு துண்டை மாற்றலாம். தோலை விரலால் அழுத்தி இழுக்கும்போது தாள் போலக் கிழிந்தால் இழையே மடிந்துவிட்டது என்று பொருள். அப்போது முழு உறையும் மாற்றப்பட வேண்டும். அரிய பழங்காராக இருப்பின், முதலில் வந்த உறையே அதன் மதிப்பின் ஒரு பகுதி. கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீ.டீ. கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தால் பழங்கார்களின் உள்ளமைப்பையும் கவனித்து வரலாம்.

வேலை முறை

1. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இருக்கைக்குள் பக்கக் காற்றுப்பை உள்ள காரில் இது கட்டாயம். அதன் இணைப்பு பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். இருக்கை வெளியே இருக்கும்போது சாவியைத் திருகக் கூடாது.

2. தரையோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றி இருக்கையை வெளியே எடுக்க வேண்டும்.

3. உறையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹாக் ரிங் என்னும் கம்பி வளையங்களை வெட்ட வேண்டும். எந்த வளையம் எங்கிருந்தது என்பதை முன்னரே படமெடுத்து வைப்பது உதவும்.

4. பழைய உறையின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டுப் பரப்ப வேண்டும். இவையே புதிய தோலை வெட்டுவதற்கான மாதிரிகள்.

5. உள்ளிருக்கும் பஞ்சைப் பார்க்க வேண்டும். அமுங்கிய பஞ்சின்மேல் புதுத்தோல் போட்டால் விரைவில் சுருக்கம் விழும். மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற சில பழைய கார்களில் ரப்பர் பாலில் தோய்த்த தென்னை நார் மெத்தை இருக்கும். பொள்ளாச்சி நார்த் தொழிலை அறிந்த வாசகருக்கு இது புதிதாக இராது.

6. தோலை வெட்டும்போது உறுதியான முதுகுப் பகுதியை உட்காரும் நடுப்பகுதிக்கும், நெகிழும் வயிற்றுப் பகுதியைக் கண்ணில் படாத பக்கங்களுக்கும் ஒதுக்க வேண்டும். தழும்பு, உண்ணிக்கடி ஆகியவற்றைத் தவிர்ப்பதால் கணிசமான தோல் கழிவாகும். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவதால், கழிவும் சேர்ந்த கணக்கா என்று முன்பே கேட்க வேண்டும்.

7. பருத்தி நூல் வெயிலிலும் வியர்வையிலும் இற்றுவிடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலே ஏற்றது. தையலை மிக நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் போலத் துளை வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும்.

8. புதிய உறையைச் சற்று வெயிலில் வைத்து இளக்கிய பின் இழுத்து மாட்டி, புது வளையங்களால் பிணைக்க வேண்டும். இறுதியில் போல்ட்டுகளை நிறுவனக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

பக்கக் காற்றுப்பை இருக்கையின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்படி, அந்த ஒரு தையல் வேண்டுமென்றே வலுக்குறைவாகப் போடப்பட்டிருக்கும். 'உறுதியாக இருக்கட்டும்' என்று அங்கே கனத்த நூலால் தைத்தால் பை தாமதமாகவோ தவறான திசையிலோ விரியும். அத்தகைய காருக்கு அந்நிறுவனத்தின் உறை அல்லது காற்றுப்பைக்கென வடிவமைத்த உறை மட்டுமே பொருத்தப்பட வேண்டும்.

உள்துணியும் பஞ்சும் தீப்பற்றிப் பரவும் வேகத்துக்கு வரம்பு உண்டு. அமெரிக்க விதி 302இன்படி அது நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. இந்தியாவில் ஐ.எஸ். 15061 என்னும் தரம் இதற்கெனவே உள்ளது. தரச் சான்று இல்லாத மலிவுப் பஞ்சை மறுப்பதற்கு இதுவே காரணம்.

உறையை மட்டும் மாற்றுவதற்குப் பதிவுச் சான்றில் திருத்தம் தேவையில்லை. இருக்கைகளின் எண்ணிக்கையை மாற்றினால் அது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வரும். முன் அனுமதி வேண்டும்.

பராமரிப்பு

மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் தவறு. வண்ணப்பூச்சுள்ள தோலுக்குள் அது இறங்காமல் மேலே நின்று தூசியைப் பிடிக்கும். காரை நிழலில் நிறுத்துவது எந்தப் பூச்சையும் விடத் தோலின் ஆயுளைக் கூட்டும்.