பல்லாவரம் கற்கோடரியும் கணினி வரைபடமும்

1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்துச் சரளைக் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தார். அடுத்தது எங்கே கிடைக்கும்? இதைக் கணிக்கக் கணினி உதவும். கற்கருவிகள் கிடைத்த களங்களின் உயரம், சரிவு, மண், நீர்த்தொலைவு ஆகியவற்றை அது அடுக்கடுக்காக ஒப்பிட்டு, அதே சேர்க்கையுள்ள மற்ற இடங்களுக்கு மதிப்பெண் போட்டு வரைபடமாக்கும். இதில் ஒரு பொறி உண்டு. பல்லாவரத்தை அடுத்த தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் பிற்காலத்தில் கரை கட்டியவை. அவற்றையே கற்கால நீர்நிலையாகக் கொடுத்தால் கணக்கு கோணலாகும். பழைய ஓடைத் தடங்களையே கொடுக்க வேண்டும்.

குழி வெட்டிய இடத்தில்தானே கோடரி கிடைத்தது, கணினியும் குழிகளைத்தானே காட்டும் என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். அதனால்தான் தெரிந்த களங்களில் சிலவற்றைக் கணினியிடமிருந்து மறைத்துவைத்து, அவற்றை அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கிறார்கள்; குறைந்த மதிப்பெண் பெற்ற நிலத்தையும் நடந்து பார்க்க வேண்டும். வீடுகள் மூடிவிட்ட குரோம்பேட்டையில் வரைபடத்தால் பெரிய பயனில்லை; வண்டலூருக்கு அப்பால், அஸ்திவாரம் தோண்டுமுன், பயன் உண்டு.