கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டியவை: வகுப்பறைச் செயலிகளும் குழந்தைகளின் தரவுரிமையும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018ஆம் ஆண்டு முதல் அச்சாகிவரும் கியூஆர் குறியீடு, அதாவது கைப்பேசிக் கேமராவால் படிக்கத்தக்க கறுப்பு வெள்ளைச் சதுரம், ஆறாம் வகுப்புப் பிள்ளையை நேரே காணொலிப் பாடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி வழங்கும் பணியை மாநில அரசு 2024இல் தொடங்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளின் தனியார் பள்ளிகள் பலவும் வீட்டுப்பாடம், வருகைப் பதிவு, கட்டண வசூல் ஆகியவற்றைச் செயலிக்கு மாற்றியிருக்கின்றன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் செயலியில் பதியப்படும் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், பெற்றோரின் எண், கருவி இருக்குமிடம் போன்ற விவரங்கள், ஒருவரை அடையாளம் காட்டுவதால் சட்டத்தில் ‘தனிநபர் தரவு’ எனப்படுபவை, குழந்தைக்குரியவை என்பதும், அவற்றைக் கையாள்வோருக்குச் சட்டக் கடமை உண்டு என்பதும் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோரிடம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

ஆபத்து கற்பனையானதன்று. பாடநூல் குறியீடுகளுக்குப் பின்னணியாக அமைந்த ஒன்றிய அரசின் ‘திக்‌ஷா’ தளம், மாணவர் இருக்கும் இடத்தைத் துல்லியமாகத் திரட்டும் திறன் கொண்டிருந்ததை, 49 நாடுகளின் 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. அத்தளத்தின் சேமிப்பகம் ஒன்று ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டின்றிக் கிடந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண் முதலியவையும், ஏறத்தாழ ஆறு லட்சம் மாணவர்களைப் பற்றிய விவரங்களும் வெளியே தெரியும் நிலையில் இருந்தது 2023 ஜனவரியில் அம்பலமானது. அரசின் தளத்துக்கே இந்நிலை எனில், பள்ளி தெருமுனை மென்பொருள் நிறுவனத்திடம் வாங்கிய செயலியைப் பற்றிப் பெற்றோர் கேள்வி கேட்பது மிகையாகாது.

சட்டம் சொல்வதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அதன் 9ஆம் பிரிவு, குழந்தையின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும், குழந்தையின் நடமாட்டத்தையோ நடத்தையையோ கண்காணிப்பதும் குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் விதிக்கிறது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை செல்லலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகள், கற்பித்தலுக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் செய்யப்படும் கண்காணிப்பில் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. இவ்விலக்கு அந்த நோக்கங்களோடு நின்றுவிடுவது. மதிப்பெண் பட்டியலை டியூஷன் மையத்துக்குக் கைமாற்றவோ, வெளி நிறுவனம் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தவோ அது இடந்தராது. முதன்மையான கடமைகள் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன என்பதால் அதுவரை கதியில்லை என்று பொருளன்று: கடவுச்சொல், வங்கி விவரம், கைரேகை போன்ற உணர்திறன் மிக்க தரவுகளை ஒரு நிறுவனம் அலட்சியத்தால் கசியவிட்டு இழப்பு நேர்ந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி, தீர்ப்பு அலுவலராகச் செயல்படும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் இழப்பீடு கோரலாம்.

கொங்கு மண்டலத்தில் இச்சிக்கல் இன்னொரு வழியிலும் வீட்டுக்குள் நுழைகிறது. பனியன் கம்பெனியிலோ விசைத்தறிக் கூடத்திலோ ஷிப்டு முடித்து வரும் பெற்றோரின் ஒரே கைப்பேசியில்தான் பிள்ளையின் வீட்டுப்பாடமும் இருக்கிறது, வாரச் சம்பளம் வந்து விழும் வங்கிக் கணக்கும் இருக்கிறது. பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி, கல்வி உதவித்தொகை வந்திருப்பதாகக் கூறி, வாட்ஸ்அப்பில் கியூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்லும் மோசடிக்காரனுக்கு மூலதனம், எங்கோ கசிந்த பள்ளித் தரவுதான். பாடநூலில் உள்ள சதுரமும் இந்தச் சதுரமும் தோற்றத்தில் ஒன்றே. பணம் பெறுவதற்கு எவரும் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை இடவோ தேவையில்லை; பணப் பரிமாற்றத்தில் அவை இரண்டும் பணம் செலுத்துவதற்கே உரியவை. இதைப் பிள்ளைக்கு வகுப்பிலேயே சொல்லித் தருவது கையடக்கக் கணினிப் பாடத்தின் முதல் பகுதியாக இருக்க வேண்டும். பணம் போய்விட்டால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ உடனே அழைத்தல் வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தொகையை முடக்கி மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கட்டணத்திலும் வரம்பு உண்டு. தனியார் பள்ளிகள் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகைக்கு மேல், ‘ஸ்மார்ட் வகுப்பு’ என்ற பெயரில் வசூலித்தாலும், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அது தவறு. ரசீதுடன் அக்குழுவுக்கும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் முறையிடலாம். திரை நேரத்தைப் பொறுத்தவரை, ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இணையவழி நேரடி வகுப்புகள் நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளைத் தாண்டலாகாது என்கிறது.

அரசுப் பள்ளிகளில் கேள்வி கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு; கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினரில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. பொதுவான ஐயங்களுக்கு மாநிலக் கல்வி உதவி எண் 14417 உள்ளது. இணையத்தில் குழந்தை துன்புறுத்தப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 உள்ளது. வரும் ஜூன் மாதச் சேர்க்கையின்போது, எந்தச் செயலி, என்னென்ன விவரம் திரட்டுகிறது, எங்கே சேமிக்கிறது, பிள்ளை பள்ளியை விட்டுச் சென்றபின் எப்போது அழிக்கும் என்ற நான்கு கேள்விகளையும் பெற்றோர் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெற்ற பிறகு கையொப்பமிட வேண்டும்.