புல்லுக்குத் தண்ணீர் திறக்கும் முன்

மார்க்கம், ஸ்காபரோ, ஏஜக்ஸ் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்களில் பலருக்கு ஸ்பிரிங்க்ளர் வீட்டோடு சேர்ந்து வந்த சொத்து. குழாய் எங்கே போகிறது, எங்கே முடிகிறது என்று பழைய உரிமையாளர் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார். இலையுதிர் காலத்தில் காற்றடித்து வெளியேற்றாத தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். குழாய் வெடிப்பது ஜனவரியில். அது தெரியவருவது மே மாதத்தில்.

நிலம் முழுதாக இளகிய பிறகு, பேஸ்மென்டில் இருக்கும் வால்வைக் கால் சுற்று மட்டும் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். ஒரேயடியாகத் திறந்தால், காற்றைத் தள்ளிக்கொண்டு பாயும் தண்ணீர் மூட்டுகளை அறைந்து உடைத்துவிடும். குழாய் நிரம்பியதும், வீட்டில் வேறெதுவும் ஓடாதபோது மீற்றரைப் பாருங்கள். அதிலுள்ள சின்ன முக்கோணம் மெல்லச் சுற்றினாலும் எங்கோ ஒழுகுகிறது. நிமிடத்துக்கு 1 லீற்றர் என்றாலே நாளுக்கு 1,440 லீற்றர். மீற்றரைத் தாண்டிய தண்ணீர் மண்ணுக்குள் போனாலும் பில் உங்கள் பெயரில்தான் வரும். பிறகு ஒவ்வொரு பகுதியாக ஓடவிட்டு, கூடவே நடந்து பாருங்கள்: பனி தள்ளும் வண்டி உடைத்த தலை, மண்ணில் புதைந்த தலை, சேறு குமிழியிடும் இடம்.

பில்லைவிட நான் அதிகம் பயப்படுவது பின்னோட்டத்துக்கு. தீயணைப்பு வண்டி பக்கத்துத் தெருவில் தண்ணீர் இழுத்தாலோ பெருங்குழாய் உடைந்தாலோ அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்போது புல்லில் தேங்கிய உரக் கரைசலும் நாய்க் கழிவும் குழாய் வழியே குடிநீருக்குள் உறிஞ்சப்படலாம். இதைத் தடுப்பது வெளிச்சுவரில் இருக்கும் பித்தளைக் கருவி. பனியில் முதலில் விரிசல் விடுவதும் பெரும்பாலும் அதுதான். அதன் தலைப்பகுதியிலிருந்து தண்ணீர் பீறிட்டால் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். சான்றிதழ் பெற்ற சோதனையாளரை அழைத்து, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுச் சோதனை உங்கள் வீட்டுக்கும் கட்டாயமா என்று நகராட்சியைக் கேளுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும்.

இனி, வேலைக்கு வருபவர்கள். வசந்தத்தில் திறக்கவும் இலையுதிர் காலத்தில் மூடவும் சேர்த்து முன்பணம் கேட்பார்கள். "தெரிஞ்ச பெடியன்தானே" என்று வாய்வார்த்தையில் விட்டுவிடாதீர்கள். வீட்டு வாசலில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் இரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை இருந்தால், நீங்கள் மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளாதவரை அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. சொன்ன திகதியிலிருந்து 30 நாட்களாகியும் வேலையைத் தொடங்காவிட்டால் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். இரத்துச் செய்தும் 15 நாட்களில் பணம் திரும்பாவிட்டால், கடனட்டை நிறுவனத்திடம் அந்தக் கட்டணத்தை மீளப்பெறக் கேட்கலாம். மாகாண அரசின் நுகர்வோர் பிரிவில் முறையிடலாம். சிறுகோரிக்கை நீதிமன்றமும் இருக்கிறது.

உடைந்த குழாயைத் தோண்டியெடுக்க வேண்டியிருந்தால், மண்வெட்டியைத் தொடுமுன் ஒன்ராறியோ வன் கோலுக்குச் சொல்லிவிடுங்கள். எரிவாயு, மின் இணைப்புகள் போகும் தடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். ஆனால், மீற்றரிலிருந்து பின்வளவு பார்பிகியூ அடுப்புக்கு நீங்களே இழுத்த எரிவாயுக் குழாய் அந்தக் குறியீட்டில் வராது. அதற்குத் தனியார் ஆளைப் பிடிக்க வேண்டும்.