தும்மலுக்குக் காரணம்... பட்டா? கரப்பானா?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது தும்மினா, 'சகுனம் சரியில்லை'ம்பாங்க பாட்டி. தறியில் உட்காரும்போதெல்லாம் தும்மலும் இழுப்பும் வந்தா? அது சகுனம் இல்லீங்க, அலர்ஜியா இருக்கலாம்! காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் மாதிரி தறிச்சத்தம் கேட்கிற தெருக்களில் அது மூக்குப் பிரச்னை மட்டுமில்லை... சோத்துப் பிரச்னை!

கச்சாப் பட்டில் சுமார் கால்வாசி 'செரிசின்'ங்கிற பசைப் புரதம். சாயம் போடுறதுக்கு முன்னாடி கொதிக்கவெச்சு அதை நீக்கிடுவாங்க. பட்டுத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வர்றதைப் பத்தி இலங்கையிலிருந்து 1991-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு.

சரி, எதனால அலர்ஜின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முன்கையில் ஒரு சொட்டு மருந்து, அதுமேல ஊசியால லேசா ஒரு குத்து. 15 நிமிஷம் கழிச்சு கொசு கடிச்ச மாதிரி தடிப்பு வருதான்னு பார்ப்பாங்க. வெறும் உப்புத் தண்ணி குத்தின இடத்தைவிட 3 மி.மீ. பெரிசா இருந்தா 'பாசிட்டிவ்'!

இதில் ஒரு சிக்கல். அந்தச் சொட்டு, ரசம் மாதிரி... பூச்சியையோ மகரந்தத்தையோ ஊறவெச்சு எடுத்த சாறு. அதில் பல புரதங்கள் கலந்திருக்கும். பேட்சுக்கு பேட்ச் அளவும் மாறும். ஒத்துக்காதது எதுன்னு எப்படித் தெரியும்?

சர்க்யூட் வேலை செய்யலைன்னா போர்டையே தூக்கிப்போட மாட்டோம். ஒவ்வொரு பார்ட்டா செக் பண்ணுவோம்ல? அதே டெக்னிக்தான்! ஒரே ஒரு புரதத்தோட ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வெச்சு, அந்தப் புரதத்தை மட்டும் லேப்ல தயாரிக்கிறாங்க. 1989-ல் வியன்னா விஞ்ஞானிகள் பிர்ச் மர மகரந்தத்தின் முக்கிய அலர்ஜி ஜீனைப் பிரிச்செடுத்தாங்க. 2009-ல் சீன விஞ்ஞானிகள் பட்டுப்புழுவில் 'ஆர்ஜினைன் கைனேஸ்'ங்கிற புரதம் அலர்ஜி தரும்னு காட்டினாங்க. இங்கதான் ட்விஸ்ட்: கரப்பான்பூச்சியிலும் கிட்டத்தட்ட அதே புரதம் இருக்கு! ஆக, பட்டுப்புழுச் சாறில் கை தடிச்சா, நிஜ வில்லன் வீட்டுக் கரப்பானாகவும் இருக்கலாம். இது புழுவின் உடம்புப் புரதம். நூலின் பசை வேற.

அதுக்காக லேப் புரதம்தான் கடைசித் தீர்ப்புன்னு நினைச்சுடாதீங்க. ஒரு புரதம் 'நெகட்டிவ்'னா பட்டுக்கே நெகட்டிவ்னு அர்த்தம் இல்லை. 'பாசிட்டிவ்' வந்தாலும், தொந்தரவு எப்போ, எங்கே வருதுன்னு டாக்டர் பொருத்திப் பார்க்கணும். ஆஸ்பத்திரிகளில் இன்னிக்கும் ஊசிக்குத்து டெஸ்ட்டுக்குப் பெரும்பாலும் சாறுதான். லேப் புரதங்கள் ரத்தப் பரிசோதனையிலதான் அதிகம்.

டெஸ்ட்டுக்குப் போறீங்களா? தும்மல் மாத்திரையைச் சில நாள் முன்னாடியே நிறுத்தணும். எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இழுப்பு அதிகமா இருக்கிறப்போ டெஸ்ட் வேண்டாம்.

'பட்டு ஒத்துக்கலை, தறியை விட்டுடு'ன்னு சொல்றது ஈஸி. அதுக்கு முன்னாடி, குற்றவாளி பட்டுதானான்னு உறுதி பண்ணிடலாமே!