தூங்குமூஞ்சிக்கு மணி சொன்னது யார்?

மே மாதத்து மாலை. விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ரயிலுக்குக் காத்திருந்தோம். நடைமேடையை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். தரையெல்லாம் குஞ்சம் குஞ்சமாய் இளஞ்சிவப்புப் பூ. அதில் ஒன்றைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்த ஏழு வயது மகள் அண்ணாந்து பார்த்தாள். வந்தபோது குடைபோல் அடைத்திருந்த கிளைகளுக்கு நடுவே இப்போது வானம் தெரிந்தது.

"அப்பா, இலையெல்லாம் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலைம்மா, தூங்கப்போகுது. அதனாலதான் தூங்குமூஞ்சி மரம்."

பெயரைச் சொன்னதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவளுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. "தூங்குற நேரம் வந்துடுச்சுன்னு அதுக்கு யாரு சொன்னா?"

"இருட்டினா தானா தூங்கிடும்."

"இன்னும் இருட்டவே இல்லையே!"

உண்மைதான். வெயில் முழுதாக இறங்கியிருக்கவில்லை. மரம் முந்திக்கொண்டிருந்தது.

கைக்கெட்டிய ஓர் இலையைப் பிடித்துக் காட்டினேன். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்திருந்தன. ஒவ்வொன்றும் காம்பைத் தொடும் இடத்தில் கடுகளவு தடிப்பு. தாவரவியலில் இதன் பெயர் பல்வினஸ். இலையின் மூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறும். தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போய்விடும். காற்றிறங்கிய சைக்கிள் ட்யூப் மாதிரி அந்தப் பக்கம் தளர, எதிர்ப்பக்கம் நீரை வாங்கிப் புடைக்க, இலை மடிகிறது. விடிந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். புளி, அகத்தி, தகரை எல்லாம் இப்படித்தான் தூங்குகின்றன. பொழுது சாய்ந்தபின் கீரை பறிக்கப் போனால், "செடி தூங்குதுடி, தொடாதே" என்று பாட்டிமார் அதட்டுவதில் கண்ணால் பார்த்த அறிவும் கலந்திருக்கிறது.

அந்த அறிவு பழையது. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன், அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தனிஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் இரவில் இலை மூடும் மரம் ஒன்றைப் பார்த்தார். உள்ளூர்க்காரர்கள் அது தூங்குவதாகச் சொன்னார்களாம். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் அதை எழுதிவைத்தார். அது புளியமரம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

ஆனால் "யாரு சொன்னா?" என்ற கேள்வியைச் சோதித்துப் பார்க்க 1729 வரை ஆனது. பிரான்சில் டி மெய்ரான் என்ற வானியலாளர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். சூரியனைப் பார்க்காமலேயே அது பகலில் விரிந்தது, இரவில் மடிந்தது. 1832இல் டி கண்டோல் என்ற தாவரவியலாளர் இன்னொன்றைக் கவனித்தார்: ஒளி மாறாத சூழலில் வைத்த செடி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்ல, 22-23 மணி நேரத்துக்கு ஒருமுறை விரிந்து மடிந்தது. வெளியிலிருந்து யாரோ மணி சொல்லியிருந்தால் கணக்கு 24ஆக இருந்திருக்கும். ஆக, கடிகாரம் செடிக்கு உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் வேகமாக ஓடும் பழைய சுவர்க்கடிகாரம் அது. தினமும் முள்ளைத் திருத்திவைப்பது சூரியன்.

இப்படிப்பட்ட கடிகாரம் நமக்கும் உண்டு. பழ ஈக்களில் அதை ஓட்டும் மரபணுக்களைப் பிரித்தறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இலை தூங்குவதால் செடிக்கு என்ன லாபம் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இரவுக் குளிரிலிருந்து தப்பவே மடிகின்றன என்று நினைத்த டார்வின், இலைகளை மடியவிடாமல் ஊசி குத்தி வைத்துப் பார்த்து, 1880இல் தன் நூலில் எழுதினார்.

வீடு திரும்பியதும் ஒரு தொட்டாற்சுருங்கித் தொட்டி வாங்கினோம். சனிக்கிழமை இரவு அதை அலமாரிக்குள் வைத்து, கதவிடுக்கில் கறுப்புத் துணி திணித்தாள் மகள். படுக்கப் போகும்போது ஒரு சந்தேகம்: "அப்பா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. லேட்டாதானே எழுந்திருக்கும்?"

காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தேன். இலைகள் முழுதாக விரிந்திருந்தன. கேள்வி கேட்டவள்தான் இன்னும் போர்வைக்குள்.