கிதாருக்குள் புகுந்த சிந்தசைசர்

எண்பதுகளில் ஹெவி மெட்டல் ரசிகரிடம் சிந்தசைசர் என்று சொன்னால் முகம் சுளிப்பார்; அது பாப் பாட்டுக்காரர்களின் சமாச்சாரம். 1986இல் இங்கிலாந்தின் இரண்டு பெரிய மெட்டல் குழுக்கள் அதையே கையில் எடுத்தன. ஏப்ரலில் ஜூடாஸ் பிரீஸ்டின் ‘டர்போ’ ஆல்பம், செப்டம்பரில் அயர்ன் மெய்டனின் ‘சம்வேர் இன் டைம்’ ஆல்பம். புதிதாகக் கீபோர்டுக்காரர் யாரும் குழுவில் சேரவில்லை. கிதார்காரர்களே வாசித்தார்கள், அதுவும் கிதாரிலேயே.

சாதாரண எலக்ட்ரிக் கிதாரின் பிக்கப், ஆறு தந்திகளின் அதிர்வையும் ஒன்றாகக் கலந்து அனுப்பிவிடும். கிதார் சிந்தசைசருக்கு அது போதாது. தந்திக்கு ஒன்றாக ஆறு தனித்தனி உணரிகள் வேண்டும். ஒவ்வொரு தந்தியும் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று கணக்கிட்டு, அதே சுருதியில் வயலினைப் போலவோ குழலைப் போலவோ வேறொரு ஒலியை எழுப்புவது மின்சுற்றின் வேலை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1977இல் ஜிஆர்-500ஐயும், 1984இல் ஜிஆர்-700ஐயும் இப்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் அந்தக் கணக்கில்தான். அதிர்வு ஒரு சுற்றாவது முடியாமல் சுருதி பிடிபடாது. மெல்லிய தந்தி நொடிக்குச் சுமார் 330 முறை அதிர்வதால் 3 மில்லிநொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். தடித்த தந்திக்கு 82 அதிர்வுதான். ஒரு சுற்றுக்கே 12 மில்லிநொடி. உறுதி செய்துகொள்ள இன்னொரு சுற்றும் பார்த்தால் 24. வேகமாக வாசிப்பவரின் விரலுக்கு இந்தத் தாமதம் உடனே உறுத்தும். மெட்டலின் உயிரோ அந்தத் தடித்த தந்தியில்தான் இருக்கிறது: உள்ளங்கையால் அமுக்கியபடி, குதிரைப் பாய்ச்சலில், ஒரு நெடில் இரண்டு குறிலாக விழும் அடிகள்.

மெய்டன் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். நிதானமான தொடக்கத்தில் சிந்தசைசர் கிதாரோடு இழைந்து பரவுகிறது. பாய்ச்சல் தொடங்கியதும் பழைய இரும்புச் சத்தமே முன்னுக்கு வருகிறது. கருவியின் பலவீனம் குழுவின் குணத்தைக் காப்பாற்றிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘டர்போ’வில் பாட்டுகளே பாப் பக்கம் சாய்ந்தன; பழைய ரசிகர்கள் முணுமுணுத்ததற்குக் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது.

1988இல் அடுத்த ஆல்பத்துக்கு மெய்டன் கீபோர்டையே சேர்த்துக்கொண்டது. அதில் அதிர்வை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டை அழுந்தியதோ அதுதான் சுருதி.