தோட்டா தேடும் துப்பாக்கி

பழைய பெட்டியின் அடியில், சாவி தொலைந்த பித்தளைப் பூட்டு ஒன்று கிடப்பதை நாம் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறோம். திறக்கவும் வழியில்லை, தூக்கி எறியவும் மனம் வருவதில்லை. துப்பாக்கிக்கும் இந்தக் கதி நேர்வதுண்டு. நல்ல எஃகுக் குழல் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருக்கும். அக்ரோட்டு மரத்தில் செதுக்கிய கட்டை மூன்று தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் அதற்கு ஆகாரமாகிய தோட்டாவின் ஆயுள் வேறு கணக்கு. ஒரு யுத்தம் வந்தால், ஒரு தொழிற்சாலை மூடினால், ஓர் அரசாங்கம் ஒரு வரியில் உத்தரவு போட்டால், தோட்டா மாண்டுவிடும். துப்பாக்கி மட்டும் சாவியில்லாத பூட்டாக நிற்கும்.

அப்படி நின்றுபோன துப்பாக்கிகளுக்கு மறுபடியும் உயிர் கொடுக்கும் தொழில் ஒன்று உண்டு. அது பழுது பார்க்கும் தொழில் என்றே நாம் முதலில் எண்ணினோம். விசாரித்துப் பார்த்ததில், அதில் முக்கால் பங்கு வாசிக்கும் தொழில் என்று தெரிந்தது. உலோகத்தில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாதவன் அதில் கை வைத்தால், துப்பாக்கி போவதோடு காரியம் நிற்காது; கையும் கண்ணும் போகும். உதாரணத்துக்கு, ஜெர்மனியின் மூன்று குழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம்.

ஒரே பிரசவத்தில் மூவர்

ஜெர்மானியர் இதை 'டிரில்லிங்' என்பார்கள். ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளில் ஒன்றைக் குறிக்கவும் அந்த மொழியில் இதே சொல்தான். மேலே பக்கம் பக்கமாக இரண்டு வழவழப்பான குழல்கள்; அவை சிறு ரவைகளைச் சிதறுபவை. அவற்றின் கீழே, உட்புறத்தில் திருகு வரி வெட்டிய ரைபிள் குழல் ஒன்று. அது ஒற்றைக் குண்டைச் சுழற்றி நெடுந்தூரம் அனுப்புவது. மூன்றையும் ஈயம் கலந்த பற்றினால் ஒன்றாக இணைத்திருப்பார்கள்.

எதற்காக இந்தச் சிரமம்? காட்டு வழியே நடந்து செல்லும் வனக் காவலனுக்கு அடுத்த திருப்பத்தில் என்ன எதிர்ப்படும் என்று தெரியாது. முயலும் பறவையும் வந்தால் ரவை வேண்டும். மான் வந்தால் ரைபிள் வேண்டும். இரண்டு துப்பாக்கிகளைத் தோளில் சுமந்து மலை ஏற முடியுமா? ஆகவே ஒன்றிலேயே எல்லாம் அமைந்தது. கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சிறு பொத்தான். அதை முன்னே தள்ளினால், படுத்திருந்த குறிமுள் தானாகவே எழுந்து நிற்கும்; முன் விசையின் தொடர்பு ரைபிள் குழலுக்கு மாறும். பின்னே இழுத்தால் மறுபடியும் ரவைத் துப்பாக்கி.

துரிங்கியா மலைநாட்டிலுள்ள ஸூல், ஸெல்லா-மேலிஸ் என்னும் ஊர்களும், ஆஸ்திரியாவிலுள்ள ஃபெர்லாக்கும் இந்த வேலைக்குப் பேர்போனவை. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் விமானப் படையினர்கூட, பாலைவனத்தில் இறங்க நேர்ந்தால் பிழைத்துக்கொள்வதற்காக, ஸூல் நகரத்து ஸாவர் கம்பெனியின் டிரில்லிங்கைத் தகரப் பெட்டி போன்ற ஓர் அலுமினியப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார்கள்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் ஸூல் நகரத்துக்குள் நுழைந்தன. ஜூலையில் அந்தப் பிரதேசம் ரஷ்யர் வசமாயிற்று. ஜெர்மன் குடிமக்கள் தங்கள் ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று வெற்றி பெற்றவர்கள் உத்தரவிட்டார்கள். ஒப்படைத்தவற்றில் பல அழிந்தன. சிலவற்றைச் சிப்பாய்கள் யுத்த ஞாபகார்த்தமாகக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். துப்பாக்கி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அதற்குரிய தோட்டா போகவில்லை. பழந்துப்பாக்கிகளின் பிரச்னையில் பெரும்பகுதி இங்கேதான் பிறந்தது.

உலோகத்தின் ஜாதகம்

குழலின்மேல் கொட்டை எழுத்தில் 'குரூப்' என்று இருக்கிறது. உடனே சொந்தக்காரர், பீரங்கிக்குப் பேர்போன குரூப் கம்பெனியே தம் துப்பாக்கியைச் செய்ததென்று பெருமை கொள்கிறார். உண்மையில் குரூப் கொடுத்தது எஃகு மட்டுமே. வேட்டியில் மில் முத்திரை இருந்தால், சட்டையைத் தைத்தவரும் மில்காரர் ஆவாரா?

மெய்யான ஜாதகம் குழலின் அடியில், கட்டையைக் கழற்றினால்தான் தெரியும் இடத்தில் இருக்கிறது. 1891-ல் ஜெர்மனியில் ஏற்பட்ட சட்டப்படி, ஒவ்வொரு குழலையும் சர்க்கார் சோதனைச் சாலையில் மிகை மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தினார்கள். கிரீடத்தின் கீழ் 'எஸ்' என்றால் ரவைக் குழல். 'ஜி' என்றால் திருகு வரிக் குழல். 'டபிள்யூ' என்றால் வாய் குறுகிய குழல். 'யு' என்றால் பரிசோதித்தாயிற்று. இவற்றுள் முக்கியமானது 'என்'. புகையில்லா மருந்தின் வேகத்தைத் தாங்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்த எழுத்து இல்லாத பழங்குழலில் புதுத் தோட்டாவைப் போடுவது, மண்சட்டியை உலைக்களத்தில் வைப்பது போலாகும்.

இன்னோர் எண்ணும் இருக்கும். '118,35' என்று குத்தியிருந்தால், ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குச் சரியான உருண்டைகள் அத்தனை வார்க்கலாம் என்று பொருள். கணக்குப் போட்டால் குழலின் விட்டம் சுமார் 8.6 மில்லிமீட்டர் என்று வரும். ஆனால் கவனியுங்கள்: இந்த எண் குழலைத்தான் சொல்லுகிறது, தோட்டாவின் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பளபளப்பு என்னும் பகை

துருப்பிடித்த பொருளைக் கண்டதும் உப்புத்தாளைத் தேடுவது மனித சுபாவம். பழந்துப்பாக்கிக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. பத்து நிமிஷம் தேய்த்தால் சோதனை முத்திரை மழுங்கும். சித்திர வேலையின் கோடுகள் கரையும். கட்டையைத் தேய்த்தால் மரம் இறங்கி, உலோகம் மேலே துருத்தி நிற்கும். போனது போனதுதான்.

தேர்ந்த வினைஞர் முதலில் குழல்களைத் தனியே கழற்றி, ஒரு நூலில் தொங்கவிட்டு, லேசாகத் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று மணியோசை கேட்டால் பற்று கெட்டியாக இருக்கிறது. சொத்தென்று ஓசை வந்தால் எங்கோ விட்டிருக்கிறது. சந்தையில் பானையைத் தட்டி வாங்கும் நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சாஸ்திரம் நன்றாகவே தெரியும்.

பிறகு நிறம். இந்நாளில் குழலுக்குக் கருநீலம் ஏற்றச் சுலபமான வழி, காரஸோடாவும் நைட்ரேட்டும் கலந்த கொதிக்கும் தொட்டியில் அமிழ்த்துவது. ஒற்றைக் குழலுக்கு அது சரி. டிரில்லிங்கை அதில் போட்டால், அந்தக் காரம் ஈயப் பற்றையே தின்றுவிடும். ஒரே பிரசவத்தில் பிறந்த மூவரும் பிரிந்துபோவார்கள். எனவே பழைய வழியைத்தான் பின்பற்ற வேண்டும். குழலில் துரு வரச் செய்யும் திரவத்தைப் பூசி, ஈரக் காற்றில் வைத்து, செந்துரு படிந்ததும் வெந்நீரில் கொதிக்க வைக்கிறார்கள். சிவப்பு, கறுப்பாக மாறுகிறது. மெல்லிய கம்பித் தூரிகையால் உதிரியைத் துடைத்து, மறுபடியும் பூசுகிறார்கள். இப்படிப் பல நாள், பல தடவை. துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் வித்தை இது.

கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால், ஈரத் துணி போட்டுச் சூடான இரும்பை வைத்தால் மரநார் உப்பி எழும். பூச்சி அரித்த கொம்பு விசைக்காப்பை மாற்றலாம். ஆனால் தோள்வார் உராய்ந்து தேய்ந்த இடத்தை நல்ல வினைஞர் தொடமாட்டார். அது யாரோ ஒரு வனக் காவலன் பல மழைக்காலம் நடந்ததற்குச் சாட்சி. அதை அழிக்க நமக்கு என்ன உரிமை?

இது என்ன சாப்பிடும்?

துப்பாக்கி சுத்தமாகிவிட்டது. இனித்தான் ஆபத்தான கேள்வி. எந்தத் தோட்டா?

பெயரை நம்பக்கூடாது, அறையை அச்சு எடுக்க வேண்டும். அதற்கென்றே பிஸ்மத் கலந்த உலோகக் கலவை ஒன்று உண்டு. கொதிக்கும் நீரைவிடக் குறைந்த சூட்டில் உருகும். அதைத் தோட்டா அறையில் ஊற்றினால், முதலில் சிறிது சுருங்கி எளிதாக வெளியே வரும். பின்னர் மெள்ள விரிந்து, ஒரு மணி நேரம் ஆனதும் அறையின் சரியான அளவைக் காட்டும். பொறுக்காமல் முன்னதாகவே அளந்தால் அளவு பொய்யாகும்.

அளவில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மூன்று உதாரணங்கள் சொல்லுவோம்.

பழைய ஜெர்மன் 16-ம் நம்பர் ரவைக் குழலின் அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளம். இக்காலத் தோட்டா 70 மில்லிமீட்டர். வாய் மடித்திருப்பதால் அது தாராளமாக உள்ளே போகும். துப்பாக்கியும் ஒழுங்காக மூடும். வெடித்ததும் மடிப்பு விரிய இடமின்றிக் குழலை நெரிக்கும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போயிற்றே!' என்பது ஓர் அத்தாட்சியே அல்ல.

8 மில்லிமீட்டர் ரைபிள் குழலில் இரண்டு ஜாதி. முந்தியதன் குண்டு 0.318 அங்குலம், பிந்தியது 0.323 அங்குலம். வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து. தோட்டாவின் பெயரில் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்துத்தான் பெரிய குண்டுக்கு அடையாளம். அந்த எழுத்தைக் கவனியாமல் சிறு குழலில் பெரிய குண்டைச் செலுத்தியவன் பாடு அதோகதிதான்.

வனக் காவலர்கள் பெரிதும் விரும்பிய தோட்டா, 72 மில்லிமீட்டர் நீளமுள்ள 9.3. அதே 9.3-ல் 74 மில்லிமீட்டர் நீளமுள்ளது வேறொன்று. இன்றும் தாராளமாகக் கிடைப்பது. பெயரில் இரண்டு மில்லிமீட்டர்தான் பேதம். அழுத்தமோ ஒன்றரை மடங்குக்கும் அதிகம். 'பழைய தோட்டா கிடைக்கவில்லை. அறையைக் குடைந்து புதியதற்கு ஏற்றதாக்கிவிடலாமே' என்று யோசனை சொல்லுகிறவர்கள் உண்டு. கிழவருக்குப் பயில்வான் சாப்பாடு போடும் யோசனை அது.

கிடைக்கும் வழிகள்

தேடினால் வழி இல்லாமலில்லை. 72 மில்லிமீட்டர்த் தோட்டாவை, 1825-ல் பிராகாவில் தோன்றிய ஸெல்லியர்-பெல்லோ கம்பெனி நம் காலத்திலும் செய்திருக்கிறது. ஆனால் பழங்குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததால், அதையும் அளந்து பார்த்தே போட வேண்டும். 65 மில்லிமீட்டர் ரவைத் தோட்டாக்களைச் சிறு நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. அடியோடு மறைந்த தோட்டாக்களுக்கு, உறவுமுறையிலுள்ள பித்தளைக் கூட்டை எடுத்து அச்சில் அழுத்தி வடிவம் மாற்றுகிறார்கள். ஜெர்மன் குறிசுடுவோரின் 8.15 மில்லிமீட்டர்த் தோட்டா, இப்படி அமெரிக்க 30-30 கூட்டிலிருந்து மறுபிறவி எடுக்கிறது. மருந்தின் அளவை நாம் இங்கே எழுதப் போவதில்லை. அது கற்றவர் கையில் இருக்க வேண்டிய விஷயம். யுத்தத்துக்கு முந்திய அசல் தோட்டா எங்கேனும் அகப்பட்டால், அதைச் சுடுவதைவிட அளவு பார்க்க வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஸூல் நகரத்துச் சோதனைச் சாலை இன்றும் நடக்கிறது. குழலில் பெரிய வேலை செய்தால் மறுபடியும் முத்திரை பெற்றாக வேண்டும்.

உத்தரவினால் மாண்டவை

அரசாங்க உத்தரவினாலும் தோட்டா மாளும் என்றோமே, அதற்குச் சான்று நம் தேசத்துச் சரித்திரத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவுக்கென்று செய்த இருகுழல் கலப்புத் துப்பாக்கிகள் பலவற்றில், ரைபிள் குழல் மார்ட்டினி-ஹென்றிப் பட்டாளத் தோட்டாவுக்கே அமைந்திருந்தது. எந்த முகாமிலும் அந்தத் தோட்டா கிடைக்கும் என்பதே காரணம். பட்டாளம் 1888-ல் 303-க்கு மாறத் தொடங்கியதும், அந்தத் துப்பாக்கிகள் படிப்படியாக அநாதைகளாயின.

இந்தியாவிலோ வேறு நியாயம். 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் லைசென்ஸ் இன்றி ஆயுதம் வைக்கக் கூடாது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. அதுவும் போதவில்லை. வேட்டைத் தோட்டாவின் 450 அளவுக் குண்டு கலகக்காரர் கையிலுள்ள பழைய மார்ட்டினிக்கு உதவிவிடுமோ என்ற அச்சத்தினால், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த அளவையே இந்தியாவிலும் ஸூடானிலும் இறக்குமதி செய்யத் தடை விதித்தார்கள். அதன் பயனாக ஆங்கிலத் துப்பாக்கிக் கம்பெனிகள் புதிய அளவுகளைத் தேடின. ஹாலண்டு-ஹாலண்டு கம்பெனி 1907-ல் கொண்டுவந்த 465 அவற்றில் ஒன்று. குடிகளைக் கண்டு ராஜாங்கம் கொண்ட பயம், ஒரு பித்தளைக் கூட்டின் அளவில் பதிந்திருக்கிறது. 1878-ம் ஆண்டுச் சட்டத்தைச் சுதந்திர இந்தியா 1959-ல் மாற்றியது.

இவ்வளவு பாடுபட்டபின் எல்லாத் துப்பாக்கியும் வெடிக்குமா என்றால், இல்லை. பற்று விட்டுப்போனது, குழல் உள்ளே அரித்துப்போனது, 'என்' முத்திரை இல்லாதது என்று சிலவற்றைப் பார்த்தபின், 'இது மௌனமாகவே இருக்கட்டும்' என்று வினைஞர் கட்டி வைத்துவிடுகிறார். அதைச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். கேட்கும் சொந்தக்காரருக்கு அதைவிட அதிகத் துணிவு வேண்டும். அந்தத் துப்பாக்கியை எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டி, அதன் முத்திரைகள் சொல்லும் வரலாற்றை ஒரு காகிதத்தில் எழுதி அருகில் வைத்தால் போதும். அடுத்த தலைமுறைக்கு ஒரு நல்ல பொருளும் அதன் உண்மையும் சேதமின்றிப் போய்ச் சேரும். குழந்தைகள் பத்து விரலோடு அதைத் துடைத்து வைப்பார்கள்.